கேட்டுச்சு கட்சி, கேக்கல கட்சி

தப்பா நினைக்காதீங்க தங்கச்சி. எட்டிப் பாக்கணும்னு பாக்கல. பக்கத்துல உக்காந்தா கண்ணுல படத்தானே செய்யுது. எழுத்தை வேற நல்லாப் பெருசா வச்சுப் படிக்கிறீங்க. வசுந்தராங்கிற பேரைப் பாத்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. அந்தக் கதைதானே? மாமியா பாத்ரூம்ல வழுக்கி விழுந்துரும், மருமக அடுப்படியில மாவாட்டிக்கிட்டு இருப்பா. அந்தக் கதைதானே?

முழுக்கப் படிச்சாச்சா? இது ரெண்டாவது தடவையா! அடேயப்பா. கடைசி அத்தியாயம் வரப்போகுதுன்னு மறுபடி முதல்ல இருந்து படிக்கிறீங்களாக்கும். நிறையப் பேரு அப்படித்தான் படிக்கிறாங்க. அப்ப கீழ கமெண்டும் படிப்பீங்கள்ல? கதையை விட அதுதான் பெருசா ஓடுது.

நீங்க எந்தக் கட்சி?

கேக்கல கட்சியா. சரி. நல்லது. இல்ல, சும்மாதான் கேட்டேன்.

வத்தலக்குண்டு தாண்டிருச்சா? இன்னும் இல்லியா. நீங்களும் திண்டுக்கல்தானே? நானும் அங்கதான். காலையில பெரியகுளத்துக்கு வந்தேன், நாத்தனா வீட்டுக்கு. இப்பத் திரும்புறேன். வேணாம்மா, பிஸ்கட்டெல்லாம் வேணாம், எறங்காது. நீங்க சாப்பிடுங்க. எனக்கு யார்கிட்டயாவது சொல்லணும்போல இருக்கு, அவ்வளவுதான். உங்களை எனக்குத் தெரியாது, என்னை உங்களுக்குத் தெரியாது. எறங்கிட்டா அவங்கவங்க வழி. அதான் சொல்றேன்.

அந்த வசுந்தரா நான்தான்.

நம்ப மாட்டீங்கன்னு தெரியும். என் பேரு இந்திராணி. பேரை மட்டும்தான் மாத்தியிருக்கா எழுதினவ. கதையில ஒரு பச்சை வாளி வருமே, கைப்பிடி ஒடஞ்சு, சேலைக் கரையைக் கிழிச்சுக் கட்டி வச்சிருக்கும்னு. அந்த வாளி இப்பவும் எங்க வீட்டு மொட்டை மாடியில கெடக்கு. மாமியா வெந்நீர்ல ஒரு துண்டு கற்பூரம் போட்டுத்தான் குளிக்கும்னு வருமே, அது எங்க அத்தை. ஊர் உலகத்துல வேற யாரும் அப்படிக் குளிச்சு நான் பாத்ததில்ல. அப்ப எங்க மாடியில ஒரு பொண்ணு குடியிருந்துச்சு, கல்யாணமான புதுசு. கருவேப்பிலை கேக்க எறங்கி வரும், அத்தைகிட்ட உக்காந்து பேசிட்டுப் போகும். வாயே தொறக்காத பிள்ளை. அது எல்லாத்தையும் பாத்து வச்சிருந்திருக்கு. அதுதான் இப்ப ஏதோ புனைபேருல எழுதுதுன்னு நினைக்கிறேன். வேற யாருக்கு அந்த வாளி தெரியும்?

எங்க அத்தை நல்ல மனுஷி. அதைச் சொல்லிறணும். சக்கரை, மூட்டுவலி, கடைசியில ஒரு காலை இழுத்துத்தான் நடப்பாங்க. கூப்பிடுறதுதான் அவங்க வழக்கம். "இந்திராணீ"ன்னு ஒரு இழுப்பு. ஃபேன் ஓடலைன்னா கூப்பிடுவாங்க, ஓடுனா குளுருதுன்னு கூப்பிடுவாங்க. போய் நின்னா, "ஒண்ணுமில்லத்தா, இருக்கியான்னு பாத்தேன்"பாங்க. கடைசி நாலஞ்சு வருஷம் முழுக்க நான் ஒருத்திதான் பாத்தேன். என் வீட்டுக்காரருக்கு டயர் கடை, காலையில போனா ராத்திரிதான் வருவாரு. மகன் அப்பப் பள்ளிக்கூடம்.

ஒரு நாள் மத்தியானம் குளிக்கப் போனவங்க விழுந்துட்டாங்க. நான் அடுப்படியில இட்லிக்கு ஆட்டிக்கிட்டு இருந்தேன். கிரைண்டர் ஓடுது. ஆட்டி முடிச்சு, வழிச்சு, கையைக் கழுவிட்டு, "என்ன அத்தை இவ்வளவு நேரம்"னு போய்ப் பாத்தா… அதெல்லாம் நீங்க கதையில படிச்சிருக்கீங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். "கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்"னாரு டாக்டர். அவரு எல்லாருக்கும் சொல்றதைத்தான் சொன்னாரு.

யாரும் என்னை ஒரு வார்த்தை கேக்கல தங்கச்சி. கேட்டிருந்தா நான் பதில் சொல்லியிருப்பேன். என் வீட்டுக்காரரு கேக்கல. எழவுக்கு, துட்டிக்கு வந்த சனம் கேக்கல, என் முகத்தை மட்டும் பாத்தாங்க. அத்தையோட மக ஜெயக்கொடி, அதான் பெரியகுளத்து நாத்தனா, பஸ்ஸுல இருந்து எறங்கி ஓடி வந்து அம்மா மேல விழுந்து அழுதா. அப்புறம் எந்திரிச்சு வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டா. "நீங்களாச்சும் பாத்துக்கிட்டீங்க மதினி. நான் பாக்கவே இல்லியே"ன்னா. அவளும் கேக்கல. இத்தனை வருஷத்துல ஒரு தடவை கூட.

அன்னையில இருந்து நான் வீட்ல மாவாட்டுறதில்ல. கடையில பாக்கெட் மாவு வாங்குறதுதான்.

அதோட அது முடிஞ்சுபோச்சுன்னு இருந்தேன். மகன் வேலைக்குப் போயி எனக்கு ஒரு டச் போன் வாங்கிக் குடுத்தான். எதுத்த வீட்டுப் பொண்ணு இந்தக் கதை படிக்கிற ஆப்பைப் போட்டுக் குடுத்துச்சு. நான் பிளவுஸ் தைக்கிறவ. மத்தியானம் சாப்பிட்டதும் மிஷினுக்குப் பக்கத்துல சாஞ்சு உக்காந்து ரெண்டு அத்தியாயம் படிப்பேன். அப்படித்தான் ஒரு நாள் இந்தக் கதை வந்துச்சு. வாளி வந்தப்பவே எங்க வீடுன்னு தெரிஞ்சுபோச்சு. குளிக்கப் போற அத்தியாயத்தைப் படிச்சு முடிச்சப்ப என் சேலையெல்லாம் வேர்வை. யாரோ என் வீட்டுக்குள்ள வந்து நின்னுக்கிட்டு எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுற மாதிரி இருந்துச்சு.

அப்புறம் கீழ தள்ளுனேன். கமெண்டு.

எத்தனை பேரு! "வசு பாவம், மாமியார் கூப்பிட்டது அவளுக்குக் கேட்டிருக்காது." "கேட்டிருக்கும், கேட்டும் போகலை, கொலைகாரி." "கேக்கல." "கேட்டுச்சு." எழுதினவ கேட்டுச்சா இல்லியான்னு சொல்லாமலே விட்டுட்டா பாருங்க. "கிரைண்டர் சுற்றிக்கொண்டே இருந்தது"ன்னு எழுதி முடிச்சுட்டா. அவ விட்ட எடத்துல இவங்க புகுந்துட்டாங்க. ரெண்டு கட்சி. இத்தனை வருஷமா என்னை யாரும் கேக்காத கேள்வியை முகம் தெரியாத சனமெல்லாம் கேட்டுக்கிட்டு இருக்கு.

நான் என்ன எழுதியிருக்கணும்? "வசுவுக்குக் கேக்கல"ன்னுதானே எழுதியிருக்கணும்? எழுதப் பாத்தேன். வரல. எனக்கு நானே பிச்சை கேக்குற மாதிரி இருந்துச்சு. அப்ப என் கை என்ன எழுதுச்சு தெரியுமா? "இவளுக்குக் கேட்டிருக்கும். நடிக்கிறாள்."

நான் எழுதினதுதான் அது. வசுந்தரா மேல, அதாவது என் மேல, நான் எழுதினேன்.

கொஞ்ச நேரத்துல டிங்குன்னு ஒரு சத்தம். நாம எழுதுனதுக்கு யாராவது பதில் போட்டா அப்படிச் சத்தம் வரும்ல. மழைத்துளின்னு ஒருத்தி. தெரியும்தானே உங்களுக்கு? உங்க கட்சிதானே. அவ எழுதியிருந்தா: "நீங்கள் படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொண்டது உண்டா? நாள் முழுக்கக் கூப்பிடும் குரல் எப்படி இருக்கும் என்று தெரியுமா? அந்தப் பெண் எத்தனை வருடம் கழுவித் துடைத்தாள் என்பதை ஏன் யாரும் பேசவில்லை?"

அதைப் படிச்சிட்டு அழுதேன் பாருங்க, தைக்கக் குடுத்த துணியில முகத்தை வச்சுக்கிட்டு அழுதேன். இத்தனை வருஷத்துல எனக்காக ஒருத்தி பேசுறா. என்னை யாருன்னே தெரியாம பேசுறா.

மறுநாளும் கேக்கணும்போல இருந்துச்சு. அதுக்கு என்ன வழி? மறுபடியும் திட்டணும். திட்டுனாத்தானே அவ வருவா. நீதிதேவதைன்னு பேரை மாத்தி வச்சுக்கிட்டேன்.

ஆமா. நான்தான் நீதிதேவதை. அப்படிப் பாக்காதீங்கம்மா.

முதல்ல முதல்ல அவ பதிலுக்காகத்தான் எழுதினேன். சத்தியமா. "மருமகளுக்குச் சொத்து மேல கண்ணு"ன்னு எழுதினா, "அந்த வீட்டில் என்ன சொத்து இருக்கிறது, கைப்பிடி உடைந்த வாளியா?"ன்னு அவ எழுதுவா. நான் சிரிச்சுக்குவேன். "புருஷன்கிட்ட ஏன் அழலை"ன்னு எழுதினா, "அழ விட்டால்தானே அழுவாள்"ன்னு எழுதுவா. அதைப் படிக்கும்போது யாரோ தலையைத் தடவிக் குடுக்குற மாதிரி இருக்கும். மத்தியானம் ஆனா போதும், சோத்தை அள்ளிப் போட்டுட்டு போனை எடுத்துருவேன்.

ஆனா கட்சின்னு ஒண்ணு இருக்குல்ல. எனக்குப் பின்னாடி ஆளு சேந்துருச்சு. "சரியாச் சொன்னீங்க அக்கா." "நீதிதேவதை அக்கா வந்தாத்தான் களை கட்டுது." சூலூர்ல ஒரு ரிடையர்டு பேங்க் ஆபீசர், அவரு கதையில வர்ற வீட்டோட படமே வரஞ்சு போட்டாரு. அடுப்படி இங்க, பாத்ரூம் இங்க, நடுவுல ஒரே சுவர், கேக்காம இருக்க வாய்ப்பே இல்லன்னு. எங்க வீட்டுக்கு நடுவுல ரெண்டு சுவர் தங்கச்சி, ஒரு நடை வேற இருக்கு. நான் அதைச் சொல்லல. "அருமை ஐயா"ன்னு எழுதினேன்.

எனக்கு வாழ்க்கையில யாரும் "நீங்க சொன்னா சரி"ன்னு சொன்னதில்ல. வீட்ல நான் சொல்றதுக்கு ஒரு மதிப்பும் கெடையாது. அங்க நான் ஒண்ணு எழுதினா இதயம் இதயமா வந்து விழும். அது ஒரு போதைதான். குடிக்கிறவனை நாம ஏசுறோம்.

அப்புறம் அந்தக் கரண்ட் விஷயம். படிச்சிருப்பீங்க. அன்னைக்கு மத்தியானம் ஃபேன் நின்னுபோயி, புழுக்கம் தாங்காமத்தான் மாமியா குளிக்கப் போகுதுன்னு கதையில வரும். யாரும் அதைக் கவனிக்கல. நான் கவனிச்சேன். "ஃபேன் நின்றால் கரண்ட் இல்லை. கரண்ட் இல்லை என்றால் கிரைண்டர் எப்படி ஓடும்?"னு ஒரே ஒரு வரி போட்டேன். அவ்வளவுதான், தீ பிடிச்ச மாதிரி ஆயிருச்சு. கேட்டுச்சு கட்சி ஒரே ஆட்டம். உங்க கட்சி இன்வெர்ட்டர்ங்கிறாங்க, பேட்டரிங்கிறாங்க, பக்கத்து வீட்டு லைன்ங்கிறாங்க. மழைத்துளி கூட ரெண்டு நாள் தடுமாறிப் போயிட்டா.

எங்க வீட்ல அன்னைக்குக் கரண்டு போகவே இல்ல. அது எழுதினவ சேத்துக்கிட்டது. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் போட்டேன். போட்டுட்டு, ஜெயிச்சிட்டோம்னு இருந்துச்சு. எதுல ஜெயிச்சேன்? நான் கொலைகாரின்னு நிரூபிச்சதுல.

ஆனா மழைத்துளி லேசுல விடுற ஆள் இல்ல. ரெண்டு நாள் கழிச்சு வந்து நீளமா ஒண்ணு எழுதினா. "கரண்ட் இருந்ததோ இல்லையோ, அந்த வீட்டில் அந்த அம்மாவுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்க இருந்தது அவள் ஒருத்திதான். அதை மறக்காதீர்கள்." அதுக்கு எங்க ஆளுங்களே இதயம் போட ஆரம்பிச்சிட்டாங்க. பேங்க் ஆபீசர் கூட "யோசிக்க வேண்டிய விஷயம்"னு எழுதிட்டாரு. எனக்குச் சந்தோஷப்பட வேண்டியதுதானே? அதுக்குத்தானே இந்தப் பாடு? கோவம் வந்துச்சு தங்கச்சி. என் கட்சி என்னை விட்டுட்டுப் போகுதேன்னு கோவம்.

அந்தக் கோவத்துல ஒண்ணு எழுதினேன். "ஒருத்திதான் இருந்தாள் என்றால் பெற்ற மகள் எங்கே போனாள்? தீபாவளிக்குத் தீபாவளி வந்து சேலை வாங்கிக்கொண்டு போவதோடு சரி. அம்மா கூப்பிட்டது அவளுக்குத்தான் முதலில் கேட்கவில்லை."

ஜெயக்கொடி மேல எனக்கு ஒரு வருத்தமும் கெடையாது. அதை நல்லாப் புரிஞ்சுக்கங்க. தீபாவளிக்கு வருவா, நான் எடுத்து வச்ச சேலையை வாங்கிக்குவா, மத்தியானச் சாப்பாட்டோட கெளம்பிருவா. அம்மாவுக்கு ஒரு தலை சீவி விட்டதில்ல. ஒரு பெட்ஷீட் மாத்துனதில்ல. மாம்பழ சீசனுக்கு ஒரு கூடை குடுத்து விடுவா, சக்கரைக்காரங்களுக்கு மாம்பழம். ஆனா நான் அதையெல்லாம் மனசுல வச்சுக்கல. அவ புருஷன் அவளை அனுப்ப மாட்டான். அம்மா வீட்டுக்குப் போகணும்னு சொன்னாலே கையை ஓங்குவான். ஒரு தீபாவளிக்கு வந்தப்ப முதுகு கன்னிப்போய்க் கெடந்துச்சு, நான்தான் எண்ணெய் தேச்சு விட்டேன். "அம்மாகிட்ட சொல்லிறாதீங்க மதினி"ன்னா. எனக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சுதான் எழுதினேன். அவ மேல வச்சு எழுதல, கட்சிக்காக எழுதினது.

அதுக்கு இதயம் கொட்டுச்சு. "அக்கா, இந்தக் கோணத்துல யாருமே யோசிக்கல"ன்னு. எல்லாரும் மகளைப் பிடிச்சுக்கிட்டாங்க. கதையில அந்த மக ரெண்டே வரிதான் வர்றா, அவளைக் கிழிகிழின்னு கிழிச்சிட்டாங்க.

அதோட மழைத்துளி போயிட்டா. அன்னைக்கு வரல, மறுநாள் வரல. நான் இன்னும் ரெண்டு எழுதிப் பாத்தேன், சூடா. சத்தமே இல்ல. "மழைத்துளி காஞ்சு போச்சு"ன்னு எங்க ஆளுங்க சிரிச்சாங்க. எனக்குத்தான் மத்தியானத்துல உக்கார முடியல. எனக்காகப் பேசுன ஒருத்தியையும் நானே வெரட்டிட்டேனேன்னு.

இப்படி இருக்கையில நேத்து ஜெயக்கொடி போன் பண்ணுனா. "மதினி, ஒரு நாள் வந்துட்டுப் போங்களேன். நேர்ல பேசணும்"னா. அவ புருஷன் செத்து மூணு வருஷம் ஆகப் போகுது. மகளைக் கட்டிக் குடுத்துட்டா. இப்ப அவ மட்டும்தான். உடம்புக்கு ஏதோன்னு பயந்துக்கிட்டு இன்னைக்கு வந்தேன்.

வாசல்ல இருந்தே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனா. காப்பி போட்டுக் குடுத்தா. என் பையை வாங்கி நாற்காலியில வச்சா. எதுத்தாப்ல உக்காந்து போனை எடுத்தா. "மதினி, நீங்க கதையெல்லாம் படிப்பீங்களா?"ன்னு கேட்டா.

"இல்லியே"ன்னேன்.

"நம்ம அம்மா கதையை எவளோ எழுதிக்கிட்டு இருக்கா மதினி. நான் வாங்கிக் குடுத்த வாளி முதக்கொண்டு வருது. உங்களுக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியாம இத்தனை நாள் மறைச்சு வச்சிருந்தேன். படிச்சா நொந்து போவீங்கன்னு. ஆனா கீழ ஆளாளுக்கு எழுதுறாங்க. உங்களுக்குக் கேட்டுச்சாம். கேட்டும் போகலையாம். என்னால பொறுக்க முடியல. ஒவ்வொருத்தருக்கும் பதில் எழுதிக்கிட்டு இருந்தேன். மழைத்துளின்னு பேரு வச்சிருக்கேன், நான்தான்னு யாருக்கும் தெரியாது."

காப்பி தம்ளரைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

"அதுல ஒரு பேய் இருக்கா மதினி"ங்கிறா. "நீதிதேவதையாம். நாசமாப் போறவ. அவதான் எல்லாத்துக்கும் தூபம் போடுறது. எவ்வளவு சொன்னாலும் தீராது அவளுக்கு. உங்களைக் கொலைகாரிங்கிறா. சரி, அதுக்கெல்லாம் நான் பதில் சொல்லிட்டேன். கடைசியா என்னைப் பத்தி எழுதினா பாருங்க…" படிச்சுக் காட்டுனா. நான் எழுதினதை அவ வாயால வாசிச்சுக் காட்டுனா. தீபாவளிச் சேலைன்னு வர்ற எடத்துல குரல் ஒடஞ்சிருச்சு. "அதுக்கப்புறம் என்னால எழுத முடியல மதினி. ஏன்னா அது உண்மைதானே. நான் போகலதானே."

"நீ எங்க போக முடிஞ்சுது"ன்னேன்.

கண்ணைத் தொடச்சுக்கிட்டா. "ஆனா ஒண்ணு யோசிச்சேன். கதையில தீபாவளியே வரல. சேலை எடுத்துக் குடுக்குறதும் வரல. மக ரெண்டு வரிதான் வர்றா. இவளுக்கு எப்படித் தெரியும்? யாரோ நம்மளைத் தெரிஞ்சவதான் மதினி. உங்க தெருவுலயே யாராச்சும் இருக்கும். நீங்க பேசிப் பழகுற ஆளாத்தான் இருக்கும். பாத்து இருங்க"ன்னு எனக்குப் புத்தி சொல்றா.

சொல்லியிருக்கணும். அந்த எடத்துல சொல்லியிருக்கணும். சொல்லல தங்கச்சி.

"கடைசி அத்தியாயம் எழுதப் போறாளாம். வாசகர்கள் சொல்றதை வச்சுத்தான் முடிவுன்னு அறிவிப்பே போட்டுட்டா. அதுக்குள்ள நாம ஒண்ணு எழுதணும் மதினி. நான் அந்தம்மாவோட மக, எங்க மதினிக்குக் கேக்கல, இதோட விடுங்கன்னு. இனிமே என்ன மறைக்கிறது. நீங்க பக்கத்துல இருந்தா தைரியமா எழுதுவேன், அதுக்குத்தான் வரச் சொன்னேன்"னா. என் தோளோட தோளு ஒட்டி உக்காந்து எழுதினா. எழுதி எழுதி எனக்கு வாசிச்சுக் காட்டுனா. "இதைக் கேட்பது என் அம்மாவுக்கும் எங்கள் மதினிக்கும் செய்யும் பாவம்"னு முடிச்சா. "நல்லாருக்கா மதினி?" "நல்லாருக்கு." நீதிதேவதை கமெண்டுக்குக் கீழயே பதிலாப் போட்டா. பட்டனை அமுக்குனா.

நாற்காலியில இருந்த என் பைக்குள்ள டிங்குன்னுச்சு.

அவ பையைப் பாத்தா. அவ போனுலயும் அதே சத்தம்தான் வரும், அவளுக்கு அந்தச் சத்தம் நல்லாத் தெரியும். என்னைப் பாக்கல, பையைத்தான் பாத்துக்கிட்டு இருந்தா. நான் "மகன் ஏதாவது அனுப்பியிருப்பான்"னேன். போனைக் குனிஞ்சு பாத்து அதே எடத்துல மறுபடி ஒண்ணு எழுதினா. ஒரே ஒரு எழுத்து. "அ". பட்டனை அமுக்கிட்டு மறுபடி பையைப் பாத்தா.

டிங்.

ஏசுவான்னு நினைச்சேன். பையைத் தூக்கி வெளிய எறிவான்னு நினைச்சேன். எனக்கு அதுதான் வேணும்னு இருந்துச்சு. அவ தள்ளி உக்காந்தா. ஒட்டிக்கிட்டு இருந்த தோளை எடுத்துக்கிட்டா, அவ்வளவுதான். தரையைப் பாத்துக்கிட்டே கேட்டா:

"உங்களுக்குக் கேட்டுச்சா மதினி?"

இத்தனை வருஷத்துல முதல் தடவை. யாரும் கேக்கல கேக்கலைன்னு நான் ஏங்கிக்கிட்டுக் கெடந்த கேள்வி. இந்தக் கதை வர்றதுக்கு முன்னாடி கேட்டிருந்தா, "இல்ல ஜெயக்கொடி, கிரைண்டர் ஓடுச்சு, எனக்குக் கேக்கல"ன்னு கற்பூரத்தை அடிச்சுச் சொல்லியிருப்பேன். இப்ப அந்த மத்தியானத்தை நினைச்சுப் பாக்குறேன், எங்க அடுப்படி வர மாட்டேங்குது. அந்த பேங்க் ஆபீசர் வரஞ்ச படம் வருது. ஒரே சுவர் வருது. ஃபேன் நிக்குது. எங்க வீட்ல ஃபேன் நிக்கல, நிக்கலன்னு எனக்குத் தெரியும், ஆனா நிக்குது. அத்தை கூப்பிடுறாங்க. அன்னைக்குக் கூப்பிட்டாங்களா, இல்ல தெனமும் கூப்பிட்டதுல ஒண்ணா, இல்ல நான் எழுதுனதுல ஒண்ணா, பிரிக்கத் தெரியல.

"தெரியல ஜெயக்கொடி"ன்னேன்.

"தெரியாமத்தான் அவ்வளவும் எழுதுனீங்களா?"ன்னா. "நான் ஒருத்தி உங்களை நம்பிக்கிட்டு இருந்தேன் மதினி. நீங்க நம்பலையா?"

அப்புறம் எந்திரிச்சா. அடுப்புல சோறு இருந்துச்சு, எறக்கி வச்சா. இலை அறுத்து வச்சிருந்தா, அதை மடிச்சு ஓரமா வச்சிட்டா. சாப்பிடுங்கன்னு சொல்லல. நான் பையை எடுத்தேன். "நான் வர்றேன் ஜெயக்கொடி"ன்னேன். எப்பவும் "போயிட்டு வாங்க மதினி"ம்பா, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வருவா, ஜன்னல் வழியா ஏதாவது திணிப்பா. இன்னைக்கு "சரி"ன்னா. அவ்வளவுதான். "சரி."

நீங்க ஏன்ம்மா அழுவுறீங்க? தொடச்சுக்கங்க. கண்டக்டர் பாக்குறாரு, நான் ஏதோ சொல்லிட்டேன்னு நினைக்கப் போறாரு.

இன்னும் ஒண்ணு இருக்கு. அதையும் சொல்லிர்றேன். இதுதான் எனக்கு ரொம்ப வெக்கமா இருக்கு.

பஸ்ல ஏறி உக்காந்ததும் போனை எடுத்தேன். எல்லாத்தையும் அழிச்சிறலாம், நீதிதேவதையையே அழிச்சிறலாம்னுதான் எடுத்தேன். சத்தியமா அதுக்குத்தான். தொறந்தா, ஜெயக்கொடி எழுதினது மேல இருக்கு. "நான் அந்த அம்மாவின் மகள்"னு. அதுக்குக் கீழ தனியா அந்த "அ" நிக்குது. அதுக்கும் கீழ எங்க ஆளுங்க வந்துட்டாங்க. மகளாம்ல, கதை விடுது பாருன்னு சிரிக்கிறாங்க. மழைத்துளிக்கு அ மட்டும்தான் எழுத வருது, இனிமேதான் பள்ளிக்கூடத்துல சேக்கணும்னு ஒருத்தன் எழுதியிருக்கான். அதுக்கு எத்தனை இதயம்! நான் ஒரு வார்த்தை எழுதினா நிறுத்திருவாங்க. ஒரு வார்த்தை. எழுதக் கையை வச்சுட்டேன்.

அப்ப கீழ ஒருத்தி எழுதியிருந்தா. "நீதிதேவதை அக்கா எங்கே? நீங்க இல்லாம நல்லாவே இல்ல. சீக்கிரம் வாங்க அக்கா."

அதைப் படிச்சதும் என்னைத் தேடுறாங்களேன்னு எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம் வந்துச்சு தங்கச்சி. வந்துச்சு. இல்லேன்னு சொல்ல மாட்டேன்.

இன்னும் ஒண்ணும் அழிக்கல.